பலகை இடுக்கில் தெரிந்த பாப்பா

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் கதை சொல்லும் கூட்டம் நடக்கிறது. வீட்டுக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள். முற்றத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போடுவார்கள். எதிரே ஒரு மர நாற்காலி, அதன் முன்னால் மைக். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து சொல்லலாம். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், சொல்பவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும், கையில் காகிதம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏழு நிமிடம் ஆனால் மணி தட்டுவார்கள்.

நான் அங்கே டீ வடிகட்டப் போனவள். என் மகள் மூலக்குளத்தில் எங்கள் வீட்டிலேயே சுண்டலும் போண்டாவும் செய்து இந்த மாதிரி இடங்களுக்குக் கொடுக்கிறாள். ஒரு கை உதவிக்கு என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வாள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் நேரே பின்கட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவேன். அங்கேயும் அப்படித்தான், சமையல்கட்டு வாசலில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பேன். கேட்கப் பிடிக்கும். ஒருத்தர் தான் பரீட்சையில் தோற்றதை மூன்று மாதம் வீட்டில் மறைத்ததைச் சொல்வார். ஒரு பெண் தன் மாமியாரோடு ஆறு வருடம் பேசாமல் ஒரே வீட்டில் இருந்ததைச் சொல்வாள். ஜனங்கள் சிரிப்பார்கள், பிறகு சத்தமில்லாமல் ஆகிவிடுவார்கள். அந்தச் சத்தமில்லாமல் ஆகிற நேரம் எனக்குப் பிடிக்கும்.

பேச விரும்புகிறவர்கள் சீட்டில் பெயர் எழுதி ஒரு பித்தளைக் குண்டானில் போடுவார்கள். கூட்டத்தை நடத்துகிற பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பாள். பகலில் பேங்கில் வேலை பார்ப்பவள். போன மாசி மாதத்தில் ஒரு நாள் மூன்று பேர்தான் எழுதியிருந்தார்கள். நாலாவது சீட்டாக என் பெயரைப் படித்தாள்.

பெயர் கூப்பிட்டால் நான் உடனே திரும்புகிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி. பக்கத்தில் வேறு யாரோ ஏன் என்று குரல் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு நாம் கொடுக்கலாம் என்பது போல ஒரு நொடி போகும். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அன்றும் அந்த ஒரு நொடி போனது. பிறகு என் மகள் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்தேன்.

"நீதான் எழுதிப் போட்டியா?"

"ஆமா. தூணுக்குப் பின்னாடியே உக்காந்து தூணாவே ஆயிடப்போறே. போம்மா."

"என்கிட்ட இன்னா கத இருக்குது?"

"உங்கப்பா கூட பாலத்துக்குப் போனியே, அதச் சொல்லு. எனக்கு நூறு தடவ சொல்லியிருக்கிற."

எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். போகாமல் இருப்பது போவதைவிட வெட்கமாகிவிட்டது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

என் அப்பாவைப் பற்றி எனக்கு இருந்தது அந்த ஒரு காலை நேரம்தான். எனக்கு ஐந்து வயதில் அவர் இறந்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள். போட்டோ கிடையாது. மில்லில் வேலை பார்த்தார். இரவு முறை முடிந்து, காலையில் சங்கு ஊதிய பிறகு வீட்டுக்கு வந்தவர் என்னைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். அவர் தலையெல்லாம் பஞ்சு. நான் அதைப் பிய்த்துப் பிய்த்துக் காற்றில் விட்டுக்கொண்டே போனேன். காதுக்குள்ளும் பஞ்சு இருந்தது. இயந்திர எண்ணெய் வாசனை அடித்தது.

அப்போது கடலுக்குள் நீண்டு போகிற பழைய இரும்புப் பாலம் இருந்தது. கப்பல் தூரத்தில் நிற்கும். சலங்குப் படகில் மூட்டைகளைக் கொண்டுவந்து பாலத்தில் ஏற்றுவார்கள். பாலத்தின் மேல் சின்னத் தண்டவாளம், அதில் மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். தரையெல்லாம் மரப்பலகை. பலகைக்கும் பலகைக்கும் இடுக்கு இருக்கும். கால் மாட்டிக்கொள்ளும் என்று அப்பா என்னை இறக்கவே இல்லை. முனைக்குப் போன பிறகு குப்புறப் படுக்கவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இடுக்கு வழியாகக் கீழே பார்க்கச் சொன்னார். "மீனு தெரியுதா?" என்றார். நான் தலையாட்டினேன்.

இதுவரைதான் என் மகளுக்கு நூறு தடவை சொன்னது. அன்றைக்கு மைக் முன்னால், யாருக்கும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. எல்லோரும் சத்தமில்லாமல் ஆகியிருந்தார்கள், அதனால் இருக்கலாம்.

கீழே மீன் இல்லை. இரும்புத் தூணுக்குப் பக்கத்தில், தண்ணீரில், ஒரு பாப்பா இருந்தது. என்னைவிடச் சின்னது. கழுத்து வரைக்கும் தண்ணீர். அலை வந்து தூணில் மோதிப் போனது, பாப்பா அசையவில்லை, அதன் தலைமயிர் நனையவில்லை. அழவில்லை, கூப்பிடவில்லை. முறை வரட்டும் என்று வரிசையில் நிற்கிறவர்களைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மணி தட்டுவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். கை தட்டினார்கள். டீ கொடுக்கும்போது ஒரு கண்ணாடிக்காரர், "அது உங்க நிழலா இருந்திருக்கும்மா" என்றார்.

"அலையில நிழலு எப்படிங்க நிக்கும்?" என்றேன். அவர் சர்க்கரை போதும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

நடத்துகிற பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உங்க அப்பா பாக்க எப்படி இருப்பார்? அதைச் சொல்லவே இல்லையே."

"தோள் மேல உக்காந்திருந்தேன் கண்ணு. தலைதான் தெரிஞ்சுது."

கூட்டத்தில் யாரோ போனில் வீடியோப் படம் எடுத்திருந்தார்கள். என் மகள் அதை வாங்கி உறவுக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டாள். நானும் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் கையைப் பார்த்தேன். பேச ஆரம்பித்ததிலிருந்து முடிக்கும்வரை என் இரண்டு கையும் மார்புக்கு முன்னால் உயர்ந்து, ஒரு தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல வளைந்து நின்றன. விரல்கள் எதையோ பிய்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அது தெரியவே தெரியாது.

மறுநாள் காலை என் அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை. எண்பத்து நாலு வயது. வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் மகனோடு இருக்கிறாள். அப்பா பக்கத்து ஆட்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்.

"ஏண்டி, யாரு உனக்கு அந்தக் கதையச் சொன்னது?"

"கத இல்ல அத்த. எனக்கு நடந்துது."

"உனக்கா."

போனில் அவள் வீட்டுக் கோழிச் சத்தம் கேட்டது.

"நேர்ல வா. போன்ல பேசற விஷயம் இல்ல இது."

திங்கட்கிழமை போனேன். அத்தை தாழ்வாரத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்து வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது, விரல் மட்டும் நிற்காமல் வேலை செய்தது. மகன் கொல்லை வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தேன்.

"அந்த இரும்புப் பாலம் எப்ப போச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்றாள்.

"பெரிய புயல்ல அடிச்சுக்கினு போச்சு."

"அந்தப் புயலப்ப நீ எங்க இருந்தே?"

"அம்மா மடியில இருந்திருப்பேன். மூணு, மூணர வயசு."

"நீ எங்கயும் இல்ல கண்ணு. நீ பொறக்கவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். அவளும் அதைத் தெரிந்துகொண்டவள் போல, "எம் புத்தி நல்லாத்தான் இருக்குது, நீ கேளு" என்றாள்.

அவள் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருந்தது. பாலத்துக்குப் போனது அதுதான். புயல் அடித்து ஊரெல்லாம் தண்ணீர் நின்றபோது, நல்ல தண்ணீர் எது கெட்ட தண்ணீர் எது என்று தெரியாமல் போய் வாந்தியும் பேதியும் வந்தது. குழந்தை இரண்டு நாள்தான் தாங்கியது. ஊரே கலைந்து கிடந்த நேரம், சாவை யாரும் மேரியில் எழுதவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அந்த மேரி ஆபீசில்தான் பிறப்பும் சாவும் பதிவது. மறு வருடம் நான் வயிற்றில் வந்தேன்.

"அண்ணன் அதுக்கப்புறம் வேலைக்குப் போச்சே தவிர மனுஷனா இல்ல. பஞ்சு நெஞ்சுல கட்டிக்கிச்சு. நீ ஏழு மாசம் வயித்துல இருக்கும்போது போய்ச் சேர்ந்துட்டுது."

"அப்ப அப்பா என்னப் பாக்கவே இல்லியா?"

"இல்ல."

நான் உரித்த தோலையும் பருப்பையும் ஒன்றாகவே முறத்தில் போட்டிருந்தேன். அத்தை தடவிப் பார்த்து, தோலைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

நான் பிறந்த அன்றைக்கே அம்மா என்னை முறத்தில் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாளாம். பிறகு ஒரு படி தவிடு அளந்து கொடுத்து என்னை விலைக்கு வாங்கிக்கொண்டாளாம். குழந்தை தங்காத வீடுகளில் அந்தக் காலத்தில் அப்படிச் செய்வது உண்டு, நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் ஒரு பொருட்டாக நினைக்க மாட்டான் என்று கணக்கு. ஆனால் அம்மா அதோடு நிறுத்தவில்லை. செத்துப்போனவள் பெயரையே எனக்கு வைத்தாள். நான் பிறந்ததை மேரியில் எழுதவில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரமே எனக்கும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். யார் கேட்டாலும், "எம் பொண்ணு ஊருக்குப் போயிருந்தா, வந்துட்டா" என்றுதான் சொன்னாளாம்.

"எதுக்கு அத்த?"

"எமன் வந்து பேரப் பாத்தா, 'இந்தப் பொண்ணத்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே'ன்னு திரும்பிப் போயிடுவானாம். அண்ணி அப்படித்தான் சொன்னா. எங்க எல்லார்கிட்டயும் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினா. புதுசா ஒரு புள்ள பொறந்துதுன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவளுக்கு நடந்ததயெல்லாம் உனக்கு நடந்ததாத்தான் சொல்லணும். நானும் சொன்னேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. அண்ணி போய் முப்பது வருஷம் ஆச்சு, அப்பவாவது சொல்லியிருக்கலாம். நீயும் கேக்கல."

எப்படிக் கேட்பேன். ஆனால் அவள் சொல்லச் சொல்ல, எனக்கே தெரிந்த எத்தனையோ விஷயங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பத்திரத்தைப் பார்த்த டீச்சர், "பத்து வயசுக்கு இவ்ளோண்டு இருக்கே, சோறு போடறதில்லியா?" என்று அம்மாவைக் கேட்டார். பதினோரு வயதில் எனக்குப் பால்பல் விழுந்தது. தெருப் பிள்ளைகள் கிழவி, கிழவி என்று கேலி செய்தார்கள். ஐந்தாவது முடித்தபோது வயது அதிகமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். எனக்கு எல்லாமே தாமதமாக நடக்கிறது, நான் ஏதோ குறையுள்ள உடம்பு என்று நினைத்தே வளர்ந்தேன். குறை ஒன்றும் இல்லை. வேறு ஒருத்தியின் வயதுக்குள் என்னைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியாகக் கேட்டேன். "அந்தப் பாப்பா? கீழ இருந்துச்சே. அதயும் அம்மாதான் சொல்லிக் குடுத்திருப்பாளா?"

அத்தையின் விரல் அப்போதுதான் நின்றது.

"அன்னிக்கு நானும் கூட வந்தேன். எனக்குப் பன்னெண்டு வயசு. அண்ணி எப்ப அந்தக் கதையச் சொன்னாலும் என்ன உட்டுட்டுத்தான் சொல்லுவா, அதான் உனக்கும் நான் தெரியல. வீட்டுக்கு வர வழியில அந்தப் புள்ள நடந்து வரேன்னு எறங்கிக்கினா. எங்காதுல சொன்னா, கீழ ஒரு பாப்பா நிக்குது, தல நனையல, என்னையே பாக்குதுன்னு. எனக்குப் பயமாப் போச்சு. அண்ணன்கிட்ட சொல்லாதேன்னேன். அவ சொல்லல. நானும் யார்கிட்டயும் சொல்லல, அண்ணிகிட்டக்கூட. அடுத்த மாசம் அவ போயிட்டா. எழுவது வருஷத்துக்கு மேல ஆச்சு. நேத்து எம் மவன் போன்ல போட்டுக் காட்டறான், நீ மைக்குல சொல்ற."

முறத்தில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உனக்கு யாரு சொன்னது?" என்று அத்தை மறுபடியும் கேட்டாள். முதலில் போனில் கேட்ட அதே கேள்விதான். அப்போது கோபமாகக் கேட்டாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பயம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் காலை நேரத்தை எடுத்துப் பார்த்தேன். அது போய்விட்டிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. பஞ்சு விரலில் ஒட்டியது. எண்ணெய் வாசனை அடித்தது. பலகை வயிற்றில் அழுத்தியது. அம்மா சொல்லிச் சொல்லி இதெல்லாம் என் தலையில் ஏறியிருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு எதைச் சொன்னாலும் அது தன்னுடையதாகிவிடும். ஆனால் பாப்பாவை அம்மா சொல்லவில்லை. அத்தை சொல்லவில்லை. பார்த்தவள் செத்துப்போனாள். அந்த இடுக்குக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, இரண்டு பேருக்குத்தான் அது நேரடியாகத் தெரியும். மேலே இருந்தது நான் இல்லை என்றால்.

அதற்கு மேல் நினைக்கவில்லை. மூலக்குளம் வந்ததும் இறங்கிவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். முதலில் அவள் கணக்குப் போட்டாள். "அப்ப உனக்கு எழுவத்தஞ்சு இல்ல, எழுவத்தொண்ணுதானா? முட்டி வலி முட்டி வலின்னு என்ன ஏமாத்திக்கினு இருந்திருக்கிற. இன்னும் நாலு வருஷம் மாவாட்ட விடலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். "உடும்மா. அக்கா பாத்தா இன்னா, தங்கச்சி பாத்தா இன்னா. அப்பா ஒருத்தர்தானே."

"அவர் என்னப் பாக்கவே இல்லடி."

அவள் போய் அடுப்பைத் துடைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து நடத்துகிற பெண் போன் செய்தாள். "அம்மா, அடுத்த கூட்டத்துக்கு நிறைய பேர் வருவாங்க. உங்க பாலத்துக் கதையை இன்னொரு தடவை சொல்றீங்களா? எல்லாரும் அதையே கேக்கறாங்க." பார்க்கிறேன் என்றேன்.

அந்த மாதம் முழுவதும் எனக்கு நிம்மதி இல்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முன்பு ஒரு நொடி போகும், இப்போது பதிலே வரவில்லை. பால்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுப் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் பெரிய மார்க்கெட்டில் பூக்காரி ஒருத்தி வேறு யாரையோ என் பெயரில் கூப்பிட்டாள். நான் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு மூன்று வயதுக் குழந்தை, "இன்னா ஆயா" என்று கேட்டுக்கொண்டே ஓடியது. அது பூக்காரியின் பேத்தி. சாதாரண விஷயம். இருந்தாலும் கீரையை வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

என் யோசனை இதுதான். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தை வாயைத் திறக்க மாட்டாள். அந்தக் காலை நேரம் என்னிடமே இருக்கும், அப்பாவின் தலை, காது, பஞ்சு எல்லாம் இருக்கும். எனக்கு நடந்தது இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால், பிறகு அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. அப்பா என்று சொல்லிக்கொள்ள ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்காது.

ஆனால் அவளுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், அவளுக்கும் அது ஒன்றுதான். அவள் பெயரை நான் வைத்திருக்கிறேன். அவள் வயதில் நான் பென்ஷன் வாங்குகிறேன். அவள் செத்ததற்குக் காகிதம் இல்லை. செத்தவர்களுக்குப் படைக்கும்போது எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு துணி வைத்ததே இல்லை, எப்படி வைப்பார்கள், அவள்தான் ஊரிலிருந்து வந்துவிட்டாளே. மூன்றரை வருடத்தில் அவளுக்கு நடந்த ஒரு நல்ல காலை நேரத்தை, எழுபது வருடமாக நான் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறேன்.

கூட்டத்து நாள் என் பெயரை நானே எழுதிக் குண்டானில் போட்டேன். என் மகள் பார்த்தாள்.

அன்றைக்கு நாற்காலி போதாமல் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து, கையிரண்டையும் மடியில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திக்கொண்டேன்.

"போன தடவ நான் சொன்னது எனக்கு நடந்தது இல்ல" என்றேன்.

நடத்துகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். மணி தட்டுகிற குச்சி அவள் கையில் இருந்தது.

"பொய் சொல்லணும்னு சொல்லல. எனக்கே தெரியாது. அது எங்க அக்காவுக்கு நடந்தது."

அக்கா என்ற வார்த்தையை நான் என் வாழ்நாளில் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. நான்தான் வீட்டில் ஒரே பிள்ளை. வாயில் அது புதுசாக இருந்தது. தவிடு, பேர், பத்திரம், எல்லாவற்றையும் சொன்னேன். பால்பல் விஷயத்துக்குச் சிரித்தார்கள், நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு பாலத்துக்கு வந்தேன். அவளைத் தோள்மேல் வைத்துக்கொண்டு அப்பா நடந்தார் என்று சொல்லும்போதுதான் அது நடந்தது.

இத்தனை வருடமும் நான் அந்தத் தோளின் மேல் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அவள் என்று சொன்னதும் நான் அங்கே இல்லை. வேறு எங்கோ நிற்கிறேன். எங்கே என்று தெரியவில்லை, காலுக்குக் கீழே எதுவும் தட்டவில்லை, கழுத்து வரைக்கும் சில்லென்று இருந்தது. அவர்கள் எனக்கு எதிரே நடந்து வருகிறார்கள். பலகை அதிர்கிறது. ஒரு ஆள், என் மருமகனைவிடச் சின்ன வயது, இரவெல்லாம் நின்று வேலை செய்த அசதியோடு வருகிறார். மேலே ஒரு சின்னப் பெண் அவர் தலையில் பஞ்சு பிய்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. நெற்றி, புருவம், மேல் உதடு, புருவத்தில் ஒட்டிய பஞ்சு வரைக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலே இருந்தவள்தான் கையை நிறுத்திவிட்டுக் குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் பயப்படவில்லை.

எவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. இதை நான் மைக்கில் சொல்லவில்லை. அங்கே உண்மையைத்தான் சொல்ல வேண்டும். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. "அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னேன். ஏழு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது, அந்தப் பெண் மணி தட்டவில்லை.

சமையல்கட்டுக்கு வந்தபோது என் மகள் டீயை வடிகட்டாமலே நின்றிருந்தாள். "கை ஏம்மா இவ்ளோ சில்லுனு இருக்குது?" என்றாள். சூடாக ஒரு தம்ளர் கொடுத்தாள். குடித்தேன்.

அந்தப் படமும் குழுவில் போனது. மறுநாள் அத்தை போன் செய்தாள். மகன் போட்டுக் காட்டியதாகச் சொன்னாள். மூக்கை உறிஞ்சினாள். என் அக்காவை அவள் பெயராலேயே கூப்பிட்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் வாசலில் ஊற்றினாளாம்.

"உம் மவ சொன்னா, உங்கப்பன் தல மட்டும்தான் தெரியும்னு கூட்டம் நடத்தற பொண்ணுகிட்ட சொன்னியாமே. அண்ணன் எப்படி இருக்கும்னு நான் சொல்லட்டுமாடி? எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. மீசை..."

"வேணாம் அத்த."

"ஏண்டி?"

அவள் சொன்னால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். நான் பார்த்தது அவர் இல்லை என்று தெரிந்தால், இருக்கிற ஒன்றும் போய்விடும். அவர்தான் என்று தெரிந்தால், நான் எங்கே நின்று பார்த்தேன் என்பதும் தெரிந்துவிடும். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

"சும்மாதான்" என்றேன்.

"நான் போயிட்டா அப்புறம் சொல்ல ஆளு கெடையாது, பாத்துக்கோ."

"தெரியும் அத்த."

பிறகு மல்லாட்டை ஒரு மரக்கால் எடுத்து வைத்திருப்பதாகவும், மகன் டவுனுக்கு வரும்போது கொடுத்தனுப்புவதாகவும் சொன்னாள்.